நலமானவர் எண் பதினான்கு

பிப்ரவரி 3, திங்கள்

நடை. இட்லி மூன்று. வைட்டமின் மாத்திரை. நாட்குறிப்பு எழுதினால் மனசு லேசாகும் என்று தெரிந்த டாக்டர் ஒருவர் சொன்னார். வங்கியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. தொடங்கிவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டம். எங்கள் நிறுவனத்தில் வாரம் பிறப்பதே இந்தக் கூட்டத்தில்தான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகம், மூட்டுவாதம் என்று ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் கூடவே இருக்கும் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டர்களுக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. நான் துணை இயக்குநர். யாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும் குழுவுக்கு உறுப்பினர் செயலரும் நான்தான்.

இன்று டாக்டர் ரெஜினாவின் முதல் கட்ட முடிவு வந்தது. நாகர்கோவில்காரர், சின்ன வயசு, பேச்சில் ஒரு வேகம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெட ஆரம்பிப்பதை மற்ற சோதனைகளுக்கு வெகுமுன்பே காட்டிவிடும் ஒரு புரதத்தைச் சிறுநீரில் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார். நோயாளிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத இருபது பேர் வேண்டும் என்றார். இயக்குநர் பெருந்தன்மையாக எங்கள் ஊழியர்களையே கொடுத்தார். நவம்பரில் எல்லோரும் வரிசையில் நின்று சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுத்தோம். மூத்த அதிகாரி என்ற முறையில் நானும் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

நோயாளிகள் விஷயத்தில் சோதனை பிரமாதமாக வேலை செய்திருக்கிறது. ஆனால் இருபது நலமானவர்களில் ஒருவரையும் நோயாளி என்று காட்டிவிட்டது. எண் பதினான்கு. இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

டீ வந்தது. எங்கள் கேன்டீன் டீயில் ஸ்பூன் நிற்கும், அவ்வளவு சர்க்கரை. நான் என் அறைக்கு எடுத்துப்போய் நிதானமாகக் குடிப்பது வழக்கம். ஜன்னலோரக் குரோட்டன்ஸ் தொட்டியில் மறுபடி எறும்பு என்று பெருக்கும் அம்மா அலுத்துக்கொண்டார். மருந்து தெளிக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

ரெஜினா அறைக்கு வந்தார். பதினான்கு யார் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் தவிக்கிறார். பெயர்களை வைத்துக்கொள்ளக் கூடாது, எண் மட்டும்தான் என்று நவம்பரில் நிபந்தனை போட்டது நான். ஊழியர்களின் அந்தரங்கம் முக்கியம் என்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அவரவர் எண் அவரவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் மெதுவாக எடுத்தார். நலமானவர்களுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும் சோதனை, செய்ய வேண்டும் என்று தன் திட்டத்தில் கேட்டிருந்ததாகவும், அது வெட்டப்பட்டதாகவும் சொன்னார். வெட்டியதும் நான்தான். நலமாக இருப்பவர்களுக்கு எதற்கு அந்தச் செலவு என்று ஓரத்தில் எழுதினேன், இயக்குநர் பாராட்டினார். காலை வெறும் வயிற்றுச் சோதனையே போதும் என்று விட்டோம். ஒரு வாரம் வாயைக் கட்டி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, முன்னிரவே சாப்பாட்டை முடித்தவனுக்கு அந்தச் சோதனையில் எல்லாம் சரியாகத்தான் வரும். பொதுவாகச் சொல்கிறேன்.

நலமானவர்களில் ஒருவரைக்கூடத் தவறாகக் காட்டக் கூடாது, காட்டினால் இரண்டாம் கட்டத்துக்குப் பணம் இல்லை என்பது அனுமதி உத்தரவில் உள்ள விதி. அதை எழுதியவரைப் பற்றி இனிச் சொல்ல வேண்டியதில்லை.

ரெஜினா எழுந்து நின்றபின் சொன்னார். “என் சோதனை தப்பா இருந்தா இருக்கட்டும் சார். ஒருவேளை அது சரியா இருந்தா? அந்தப் பதினாலாவது ஆள் தான் நல்லா இருக்கறதா நினைச்சு இங்கேயே நடமாடிட்டு இருக்காங்க. உள்ளுக்குள்ள சிறுநீரகம் கெட ஆரம்பிச்சாச்சு. இப்பவே தெரிஞ்சா காப்பாத்திடலாம்.”

திங்கட்கிழமைக் கூட்டத்தில் என்னையே அறிவிக்கச் சொன்னார். நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்களாம்.

பிப்ரவரி 6, வியாழன்

தலைவலி. லீவு போட்டேன். விண்ணப்பத்தில் எழுதிய காரணம், காய்ச்சல்.

பிப்ரவரி 10, திங்கள்

அறிவித்தேன்.

எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண் பதினான்கு யாராக இருந்தாலும் டாக்டர் ரெஜினாவைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், நோய் வருவது குற்றமல்ல, அதை மறைப்பதுதான் குற்றம் என்று சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம் எங்கள் விழிப்புணர்வுச் சுவரொட்டியில் இருப்பது. அதையும் நான்தான் எழுதினேன், மூன்று வருடமாக மாநிலம் முழுக்க ஆஸ்பத்திரிச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. குரல் கணீரென்று வந்தது. எனக்கே என்னைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இதை எழுதக் கை கூசுகிறது. சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

கணக்குப் பிரிவு அருள்செல்வி அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். பத்து வருடமாக இங்கே வேலை பார்க்கிறவள், அதிர்ந்து பேசாதவள். நாற்காலியில் உட்காராமலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதாம், இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாளாம், நவம்பரில் படிவத்தில் இல்லை என்று எழுதிவிட்டாளாம். தன் எண் என்னவென்று நினைவில்லை, அந்தப் பதினான்கு தான்தானோ என்று பயந்துபோயிருக்கிறாள்.

நீ இல்லையம்மா, போய் வேலையைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. உங்களுக்கு எப்படி சார் தெரியும் என்று கேட்டுவிடுவாளே என்ற பயமும் கூடவே வந்தது.

“இருக்கலாம்மா,” என்றேன். “எதுக்கும் டாக்டரைப் பார்த்துடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நன்றி.

பிப்ரவரி 14, வெள்ளி

தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் விழிப்புணர்வுப் பேச்சு. நல்ல கூட்டம். வழக்கம்போல் என் அண்ணன் கதையைச் சொன்னேன். அண்ணன் தணிகாசலம் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் செயலிழந்து, மூன்று வருடம் டயாலிஸிஸில் கிடந்து, போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்தான். “ஜாங்கிரிக்கு உயிரை விட்டான் என் அண்ணன், நிஜமாகவே விட்டான்” என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். முதலில் சிரிப்பார்கள், பிறகு கப்சிப் என்று ஆகிவிடுவார்கள். இன்றும் அப்படித்தான் ஆனது. பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்.

மேடையில் ஒரு தட்டு நிறைய இனிப்பு வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். எடுக்காமல் இருந்தால் கவனிப்பார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

அருள்செல்விக்கு ரெஜினா மறுபடி சோதனை செய்திருக்கிறார். எல்லாம் சரியாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் ரெஜினா நொறுங்கிப் போயிருக்கிறார். ஒரே ஆளுக்கு நவம்பரில் ஒரு மாதிரியும் பிப்ரவரியில் வேறு மாதிரியும் காட்டுகிற சோதனையை யார் நம்புவார்கள்? ஒன்றைத் தவறாகக் காட்டியது என்ற பேச்சு போய், நிலையில்லாத சோதனை என்று ஆகிவிட்டது. நாலு வருட உழைப்பு சார், எங்கே தப்பு பண்ணினேன்னே தெரியல என்றார். நான் மேசையில் இருந்த குண்டூசிகளைக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் வேறு ஒரு கூத்து. பதினான்கு அருள்செல்விதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. பொய் எழுதிக் கொடுத்து நிறுவனத்தின் பேரைக் கெடுத்தவள் என்று பேசுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைக் கடந்துதான் கை கழுவப் போக வேண்டும். நான் கழுவாமலேயே அறைக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வைட்டமின் மாத்திரை தீர்ந்துவிட்டது. தி.நகர் போய் வாங்கினேன். இங்கே வீட்டுப் பக்கத்துக் கடையில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய மூக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

மார்ச் ஏழாம் தேதி குழுக் கூட்டம். நடவடிக்கைக் குறிப்பைத் தயார் செய்தேன். கூட்டம் நடந்தபின்தானே குறிப்பு எழுத வேண்டும் என்று வெளி ஆட்கள் நினைப்பார்கள். எங்களிடம் முறை வேறு. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே முடிவோடு சேர்த்துத் தட்டச்சு செய்து, இயக்குநர் பார்த்து, பேராசிரியர்கள் வந்து முந்திரி பக்கோடா சாப்பிட்டு அதே முடிவுக்கு வருவார்கள். இருபது வருடத்தில் ஒரே ஒரு முறைதான் மாற்றித் தட்டச்சு செய்திருக்கிறோம், அதுவும் ஒரு தலைப்பெழுத்து தவறாக இருந்ததால்.

“டாக்டர் ரெஜினாவின் சோதனை நம்பகத்தன்மை அற்றது என்று குழு கருதியது. இரண்டாம் கட்டத்துக்குப் பரிந்துரைக்கவில்லை.”

வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. இயக்குநர் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அண்ணனின் நினைவு நாள். நானும் என் மனைவி சகுந்தலாவும் பல்லாவரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

அண்ணி படையல் போட்டிருந்தார். இறந்தவருக்குப் பிடித்ததை வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். எண்ணெய்க் கத்தரிக்காய், மிளகு ரசம், மோர் மிளகாய், தயிர்சாதம். இனிப்பு என்று பேருக்கு ஒரு துண்டு வெல்லம். நான் பாட்டுக்கு, ஜாங்கிரி வைக்கலையா அண்ணி என்று கேட்டுவிட்டேன். அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஜாங்கிரி உங்களுக்குத்தானே தம்பி பிடிக்கும்,” என்றார்.

சாப்பாடு முடிந்து சகுந்தலா உள்ளே போனபின் அண்ணி ஒரு கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து வைத்தார். உங்களுக்குச் சர்க்கரை போடாமல் தனியாக எடுத்து வைத்தேன் என்றார். எனக்கு எதற்கு அண்ணி என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அண்ணி பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். இதையும் நான் என் வசதிக்கு மாற்றிக்கொண்டு விடக்கூடாது.

“அவருக்குத் தெரியும் தம்பி. டயாலிஸிஸ்க்குக் கூட்டிட்டுப் போவீங்களே, அந்தக் கேன்டீன்ல திரும்பி நின்னு நீங்க மாத்திரை போட்டதப் பாத்திருக்கார். பத்து வருஷம் அவர் போட்ட மாத்திரை, அட்டையப் பாத்தாத் தெரியாதா? நான் கேக்கட்டுமான்னேன். வேணாம், அவனே சொல்வான்னுட்டார். நீங்க வர்றப்பல்லாம் வாயக் கட்டல, நாக்குக்கு அடிமைன்னு அவரத் திட்டுவீங்க. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். அவன் என்னைத் திட்டல, பயத்துல அவனையே திட்டிக்கிறான், நீ விடுன்னு சொல்வார்.”

கல்லூரிப் பேச்சு அண்ணியின் செல்போனுக்கும் வந்திருக்கிறது. யாரோ அனுப்பியிருக்கிறார்கள். முழுதும் பார்த்தாராம். “அளந்து வெச்ச சோத்துக்கு மேல ஒரு பருக்கை தொடாத மனுஷன்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

குடித்தேன். வேறென்ன செய்ய.

அண்ணன் எத்தனையோ தடவை அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறான். என் சட்டைப் பையில் மாத்திரை இருப்பது தெரிந்தே கேட்டிருக்கிறான். ஒருமுறைகூட முகம் மாறியதில்லை. சொரணை இல்லாதவன் என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் 3, திங்கள்

கூட்டத்துக்குப் போகவில்லை.

வைட்டமின் என்று இதில் எழுதியதெல்லாம் சர்க்கரை மாத்திரை. ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன். என் நாட்குறிப்பிலேயே நான் பொய் எழுதியிருக்கிறேன், இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. பதினான்கு நான்தான். என் சிறுநீரகம்தான்.

மார்ச் 4, செவ்வாய்

சகுந்தலாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல், கண்ணாடிப் பெட்டியை இரண்டு வருடம் முன்பே திறந்து பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அதனால்தான் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி போட ஆரம்பித்தாளாம். எனக்கு வயசானதால் செரிமானத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, கேட்டிருந்தால் கத்தியிருப்பீர்கள் என்றாள். உண்மைதான், கத்தியிருப்பேன்.

மறைத்து மறைத்து நான் ஏமாற்றியதெல்லாம், தினமும் என் டீயை வாங்கிக் குடித்த அலுவலகத்துக் குரோட்டன்ஸை மட்டும்தான் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

குழுக் கூட்டம். பேராசிரியர்கள் ஐந்து பேர், இயக்குநர், நான். ரெஜினா ஓரத்தில் விளக்கம் சொல்ல வந்து உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. முடிவு ஏற்கெனவே தட்டச்சாகி எல்லோர் முன்னாலும் கோப்பில் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

அவருடைய முறை வந்ததும் குறிப்பை வாசிக்க எழுந்தேன். முதல் வரி வரைக்கும் வாசித்தேன். பிறகு கோப்பை மூடினேன். இந்தச் சோதனையில் தப்பு இல்லை, எண் பதினான்கு நலமானவர் இல்லை என்றேன். மூத்த பேராசிரியர், அந்தப் பெண்ணைத்தான் மறுபடி சோதித்தாகிவிட்டதே என்றார். அந்தப் பெண் பதினான்கு இல்லை, அவளைப் பதினான்காக அனுப்பி வைத்தது நான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பக்கோடாத் தட்டுக்குப் பக்கத்தில் அது கிடந்தது. எல்லோரும் டாக்டர்கள், அட்டையைப் பார்த்தால் தெரியும்.

எனக்குக் காது இரண்டும் எரிந்தது.

ரெஜினா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “மறுபடி டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்களா சார்?” இல்லை என்றேன். “ஒரு மாசமாத் தெரிஞ்சும் பண்ணிக்கலையா?” என்றார்.

முடிவை ஒத்திவைத்தார்கள். மீதிப் பத்தொன்பது பேருக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை செய்துவிட்டு, அதன் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பொய் எழுதிக் கொடுத்ததற்கும் குழுவைத் திசைதிருப்பியதற்கும் எழுத்து மூலம் விளக்கம் கேட்பேன் என்று இயக்குநர் சொன்னார். கேட்கத்தான் வேண்டும்.

குறிப்பை மாற்றித் தட்டச்சு செய்தேன்.

மார்ச் 8, சனி

அருள்செல்வி வீடு குரோம்பேட்டை. போனேன். உள்ளே வரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளுடைய முகத்தில் என்ன ஓடியது என்று பார்க்கும் தைரியம் இல்லை. சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

“தனியா வந்து சொன்னா எனக்கு என்ன சார் ஆகப்போகுது,” என்றாள். “அன்னிக்கு எல்லார் முன்னாலயும் நின்னுதானே கூப்பிட்டீங்க? அங்கயே நின்னு சொல்லுங்க.”

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அந்த மரியாதை என்னை இன்னும் குன்ற வைத்தது.

மார்ச் 10, திங்கள்

நின்றேன். அதே நாற்காலி, அதே இடம். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. கணீர் குரலும் வரவில்லை. ஒரு மாதம் முன்பு நான் தேடச் சொன்ன ஆள் நான்தான், அருள்செல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தெரிந்தே அவளை மாட்டிவிட்டேன் என்று சொன்னேன். ஒருவர் இருமினார். இயக்குநர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையிலிருந்து அருள்செல்வி, சரியாகக் கேட்கவில்லை சார் என்றாள். கேட்டிருக்கும். இருந்தாலும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

டீ வந்தது. சர்க்கரை இல்லாமல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். கேன்டீன் ஆள், எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. அப்புறம் இன்னும் இரண்டு.

மார்ச் 19, புதன்

என் மறுசோதனை முடிவு வந்தது. நவம்பரில் காட்டியதேதான், கொஞ்சம் கூடுதலாக. ஆரம்ப நிலை, மருந்து மாற்றினால் நிறுத்திவிடலாம் என்கிறார் ரெஜினா. அண்ணனுக்குத் தெரிய வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நலமானவர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் கட்டம் நடந்தால் நோயாளிகள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நானாகக் கேட்டேன். விளக்கக் கடிதத்துக்கு என்ன முடிவு வரும் என்று இன்னும் தெரியவில்லை. பட்டியலில் இந்த முறை எண்ணோடு பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்று ரெஜினாவிடம் சொன்னேன்.

ரெஜினா எதிரில் உட்கார்ந்து கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். நவம்பரில் இதே கேள்விகளுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று எழுதியவன் நான். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உண்டா என்றார். அண்ணனுக்கு என்றேன். இப்போது இருக்கிறாரா? இல்லை.

“உணவுக் கட்டுப்பாட்டோட இருந்தாரா சார்?”

“இருந்தார்,” என்றேன். “கடைசிவரைக்கும் இருந்தார்.”

எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போவதற்குள், அதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன்.